ஏழாம் நம்பருக்குப் போனது

பிப்ரவரி 6

அக்காவுக்கு,

பேனா பிடிச்சு எத்தன வருஷமாச்சுன்னு எனக்கே தெரியல. எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், பொறுத்துக்க. ஃபோன் பண்ணா எடுக்க மாட்டேங்கற. நம்ம மூணு பேர் சாட் ‘கூடம்’ல உன் பேருக்குப் பக்கத்துல இருந்த பச்சப் புள்ளி காணாமப் போயிருச்சு. அம்மாவோட டேப்லெட்டும் ஆஃப். நேத்து உங்கிட்டருந்து வந்தது ஒரே ஒரு வரி: ‘எதுவா இருந்தாலும் தபால்ல எழுது.’ தபாலாம்! ஸ்டாம்ப் எங்க விக்கும்னு கிடங்குல கேட்டேன், மொத்த கூட்டமும் சிரிக்குது. பார்கோடு மெஷின் ரிப்பேர் பண்றவனுக்கு ஸ்டாம்ப் எதுக்குன்னு கிண்டல். சூப்பர்வைசர் மட்டும் ‘லவ் லெட்டரா?’ன்னார். ‘அக்காவுக்கு சார்’ன்னேன். ‘அப்ப சண்டையா’ன்னு கேட்டுட்டுப் போய்ட்டார்.

சண்டையாக்கா? எதுக்குன்னு சத்தியமா தெரியல. ஆனா நியூஸ் சொல்லாம இருந்தா எனக்கு மண்ட வெடிச்சிரும்.

சேத்துட்டாங்க! நான் எழுதின சாக்கெட் ப்ரோக்ராம் கோட லைப்ரரில சேத்துட்டாங்க!!

உனக்கு நூறு தடவ சொல்லியிருக்கேன், நூத்தியோராவது தடவையா கேளு. லிஸ்ப்ங்கறது ஒரு ப்ரோக்ராம் பாஷை. கிழட்டு பாஷைதான். பக்கம் பூரா அடைப்புக்குறியா இருக்கும். ஆனா அழகுன்னா அப்படி ஒரு அழகு. நாங்க ஒரு பத்துப் பதினஞ்சு பேர் சேந்து அதுக்கு ஒரு லைப்ரரி கட்டறோம். மத்தவங்க எடுத்து அப்படியே உபயோகிக்கற மாதிரி ரெடிமேட் துண்டுங்க. அது கணக்கு போடும், எழுத்தப் பிரிக்கும், தேதி பாக்கும். ஆனா இன்னொரு மெஷின்கிட்ட பேசத் தெரியாது. வாயில்லாப் பூச்சி. அந்த வாயும் காதும்தான் சாக்கெட். அத நான் எழுதினேன்க்கா. காலேஜ் வாசப்படி மிதிக்காத நானு! எல்லாம் வீடியோ பாத்து, ஃபோரம்ல திட்டு வாங்கிக் கத்துக்கிட்டது.

லைப்ரரிய ஆரம்பிச்சவர ‘தலைவர்’னுதான் எல்லாரும் சொல்லுவோம். மொகம்கூட பாத்ததில்ல. அவர் என் கோடுக்குக் கீழ ‘சுத்தமா இருக்கு’ன்னு ரெண்டு வார்த்த போட்டார். நான் கிடங்கு பாத்ரூம்ல போய் நின்னு கத்திட்டு வந்தேன்.

நம்ம ‘கூடம்’ இந்தக் கோடுலதான் ஓடுது, தெரியும்ல? நீ, நான், அம்மா. நடுவுல எந்தக் கம்பெனியும் மூக்க நுழைக்காம நாம பேசிக்கறோம். இப்ப ஃபோரம்காரங்க சில பேர் வீட்லயும் அதே சர்வர்லதான் டெஸ்ட் பண்றாங்க. அம்மாவுக்குக் கண்ணு மங்கல்னு மெசேஜ வாய்விட்டுப் படிக்கற மாதிரி வச்சேனே, அதக் கேட்டுட்டு ஒருத்தர் அழுதுட்டேன்னு எழுதினார்.

என்ன கோவம்னு ஒரு வரி எழுது. நான் ஏதாவது மறந்துட்டேனா? அம்மாவுக்கு இடுப்பு ஒடிஞ்ச எடத்துல வலி எப்படி இருக்கு?

வாண்டு

*

பிப்ரவரி 13

டேய் வாண்டு,

உன் சந்தோஷத்துல மண்ண அள்ளிப் போட வேண்டாம்னுதான் இத்தன நாள் வாய மூடிட்டு இருந்தேன்.

ஏன் தபால்னா, வீடு ரெண்டே ரூம். ஃபோன்ல பேசினா அம்மாவுக்குக் கேக்கும். உன் ‘கூட’த்துல எழுதினா அம்மாவுக்குப் படிச்சே காட்டிரும். பேப்பர் ஒண்ணுதான் வாயத் தெறக்காது.

போன மாசக் கடைசில ஒரு மத்தியானம் உனக்கு மட்டும்னு ஒரு மெசேஜ் போட்டேன். உனக்கு வரல. வந்திருந்தா நீ அன்னிக்கே அலறியடிச்சுக் கூப்பிட்டிருப்ப. நான் எழுதினது இதான்:

‘என்னால முடியலடா. காலைல அம்மா ரூம் கதவத் தெறக்கறப்ப, மூச்சு நின்னிருந்தா தேவலன்னு சில நாள் தோணுது.’

எழுதிட்டு பாத்திரம் கழுவப் போய்ட்டேன். அம்மா ரூம்லருந்து குரல் கேட்டுச்சு. உன் மெஷின் பொம்பள. நியூஸ் வாசிக்கற மாதிரி, நிறுத்த வேண்டிய எடத்துல நிறுத்தி, நிதானமா. உச்சரிப்பு சரியா வரணும்னு நீ லீவு நாளெல்லாம் உக்காந்தியே, சரியாத்தான் வந்துச்சு. ஒரு எழுத்து முழுங்கல.

சோப்புக் கையோட ஓடினேன். அம்மா மொகத்த ஜன்னல் பக்கம் திருப்பி வச்சிருந்தா. ‘அது ஏதோ தொணதொணங்குது, அணைச்சிடு’ன்னா. அவ்ளோதான். இன்னிவரைக்கும் அதப் பத்தி ஒரு வார்த்த இல்ல.

நீதான் ஏதோ வெளயாட்டுக்குப் பட்டன மாத்தி வச்சுட்டியோன்னு ஒரு நாள் பூரா உன்னத் திட்டினேன். இன்னும் முழுசா நிறுத்தல. உனக்கு மட்டும்னு போட்டது எப்படிடா அம்மாவுக்குப் போச்சு?

கண்ணாடிக் கடைல எத்தன பேருக்குப் பவர் பாத்திருப்பேன். ‘இது தெளிவா, அது தெளிவா’ன்னு கேப்போம். இப்ப அம்மா மொகத்தப் பாத்தா எனக்கு ஒண்ணுமே தெளிவாத் தெரியல.

அக்கா

*

பிப்ரவரி 20

அக்கா,

உன் லெட்டர கிடங்கு வாசல்ல நின்னு படிச்சேன். அப்புறம் மெஷின் எதையும் தொட முடியல. தலைவலின்னு சொல்லிட்டு ரூமுக்கு வந்துட்டேன்.

நான் மாத்தி வைக்கலக்கா. அம்மா மேல சத்தியமா. நம்பு.

ஆனா எப்படிப் போச்சுன்னு கண்டுபிடிச்சிட்டேன்! (இந்த ஆச்சரியக்குறிய அடிச்சிடணும்னு தோணுது. பழக்கதோஷம்.)

எளிமையாச் சொல்றேன். லாட்ஜ்ல ரூம் நம்பர் குடுப்பாங்கல்ல, அந்த மாதிரி சர்வருக்குள்ள வர்ற ஒவ்வொரு லைனுக்கும் கம்ப்யூட்டர் ஒரு நம்பர் குடுக்கும். எனக்கு ஏழு. அன்னிக்கு மத்தியானம் என் பக்கம் நெட் கட்டாச்சு. ஏழாம் ரூம் காலி. அதே நேரம் அம்மா டேப்லெட்டும் ஒரு தடவ கட்டாகித் திரும்ப வந்திருக்கு. கம்ப்யூட்டர் காலியா இருக்கற சின்ன நம்பரத்தான் தூக்கிக் குடுக்கும். அம்மாவுக்கு ஏழு குடுத்திருச்சு. நான் என்ன பண்ணியிருக்கணும்? ஆள் கிளம்பினதும் ரெஜிஸ்டர்ல என் பேர அடிச்சிருக்கணும். அடிக்கல. ‘தம்பின்னா ஏழு’ன்னு அப்படியே கெடந்துச்சு. நீ தம்பிக்குன்னு குடுத்த. அது நேரா ஏழாம் ரூமுக்குப் போய் கதவத் தட்டி, உள்ள இருந்தவங்ககிட்ட குடுத்துட்டு வந்துருச்சு.

தலைவர் கோட சேக்கறப்பவே கேட்டார்க்கா. ‘ஆள வச்சுக்காம ஏன் நம்பர வச்சுக்கற?’ன்னு. நான் ‘ஸ்பீடுக்கு தலைவரே’ன்னு ஒரு குதிரப் படம் போட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க.

ராத்திரி பகல் உக்காந்து சரி பண்றேன். சரி பண்ணிட்டு அம்மாகிட்ட நானே சொல்றேன், இது மெஷின் தப்புன்னு. உன் மேல தப்பில்லன்னு ப்ரூஃபோட காட்டறேன்.

வாண்டு

*

மார்ச் 1

வாண்டு,

உன்ன நம்பறேன். அது முடிஞ்சு போச்சு, விடு.

ஆனா ப்ரூஃப எங்க கொண்டு போய் வைக்கறது? மெசேஜ் தப்பா வந்துச்சுன்னு அம்மாகிட்ட காட்டுவ. சரி. மெசேஜ எழுதினது யாருன்னு கேட்டா?

இங்க என்ன நடக்குதுன்னு எழுதறேன், உனக்கு அப்பதான் புரியும். முன்னாடியெல்லாம் அம்மா ஒரு மணி நேரத்துக்கு நாலு தடவ கூப்பிடுவா. தலகாணிய மாத்து, காலு மரத்துப் போச்சு, ஃபேன கொற, ஃபேன கூட்டு. நானும் எரிஞ்சு விழுவேன். ‘எத்தன கைம்மா எனக்கு?’ன்னுவேன். ‘ரெண்டும் சும்மாதான இருக்கு’ன்னுவா. அப்படித்தான் எங்க பொழுது போகும்.

இப்ப கூப்பிடறதே இல்ல. நானாப் போய் நின்னா ‘ஒண்ணும் வேணாம்மா, நீ வேலையப் பாரு’ங்கறா. சோறு ஊட்டினா ‘தேங்க்ஸ்’ங்கறா. டேய், அம்மா எனக்குத் தேங்க்ஸ் சொல்றாடா. நேத்து துணி மாத்தறப்ப ‘உனக்கு சிரமம்’னா. யாரோ தெரியாதவங்க வீட்ல வந்து தங்கியிருக்கற மாதிரி, சத்தம் போடாம படுத்திருக்கா.

அதுகூட பரவால்ல. காலைல டம்ளர்ல தண்ணி வச்சிட்டுப் போவேன். சாயந்திரம் பாத்தா அப்படியே இருக்கு. ‘தாகம் இல்ல’ங்கறா. ஒதடு வெடிச்சிருக்கு, தாகம் இல்லையாம். எனக்குப் புரிஞ்சிருச்சு. தண்ணி குடிச்சா பாத்ரூம் வரும். பாத்ரூம் வந்தா என்னக் கூப்பிடணும். நான் அவளத் தூக்கி உக்கார வைக்கணும். அந்த ஒரு தடவைய எனக்கு மிச்சம் பண்ணிக் குடுக்கறா.

நர்ஸ் வந்து பாத்துட்டு இப்படியே போனா கிட்னி தாங்காதுன்னாங்க. அவங்க முன்னாடி அரை டம்ளர் குடிச்சா. அவங்க போனதும் நிறுத்திட்டா.

எனக்கு வேற எதுவும் வேணாம்டா. அம்மா என்னப் பழைய மாதிரி கூப்பிடணும். ‘ஏய், எங்க போய்த் தொலஞ்ச’ன்னு ஒரு தடவ கத்தணும். அதுக்கு உன் லிஸ்ப்ல வழி இருந்தாச் சொல்லு.

அக்கா

*

மார்ச் 7

அக்கா,

வழி இருக்கு. திட்டாம முழுசாப் படி.

முதல்ல ஒரு விஷயம். என் கோட லைப்ரரிலருந்து எடுத்துடச் சொல்லிட்டேன். ‘யாரும் உபயோகிக்காதீங்க, ஒருத்தர் மெசேஜ் இன்னொருத்தருக்குப் போகும்’னு ஃபோரம்ல போட்டேன். ‘யாருக்காவது ஆச்சா?’ன்னு கேட்டாங்க. ‘டெஸ்ட்ல பாத்தேன்’னு சொன்னேன். ஒருத்தன் ‘நல்ல வேள, பெருசா ஒண்ணும் ஆகல’ன்னு தம்ஸப் போட்டான். நான் அந்தக் கட்டைவிரல ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்தேன்.

இப்ப வழி. அந்த சர்வர்ல நாம மூணு பேர் மட்டும் இல்லக்கா. ஃபோரம்காரங்க வீடுங்களும் இருக்கு. அதுல நம்ம பாஷ பேசறவங்களும் இருக்காங்க. இந்தத் தப்புனால நெசமாவே வேற வீட்டு மெசேஜ் அம்மா டேப்லெட்டுக்கு வந்திருக்கலாம். வந்திருக்கலாம்ல? யார் அனுப்பினதுன்னு பேரப் படிக்கற வேலைய நான் இன்னும் போடல, சோம்பேறித்தனம். நீ எழுதினதுல உன் பேரும் இல்ல, என் பேரும் இல்ல. வெறும் ‘அம்மா’, வெறும் ‘டா’.

அம்மாகிட்ட நான் சொல்லிடறேன். ‘அது வேற யாரோ ஒரு பொண்ணு, வேற எங்கயோ, அவ தம்பிக்கு எழுதினது. என் ப்ரோக்ராம் தப்பா இங்க கொண்டாந்து போட்டிருச்சு. ஸாரிம்மா’ன்னு. மொத்தப் பழியும் எனக்கு. அம்மா தண்ணி குடிப்பா. உன்னத் திட்டுவா. முடிஞ்சுது.

என்ன சொல்ற? சீக்கிரம் எழுது.

வாண்டு

*

மார்ச் 13

வேணாம்.

நீ எழுதற ப்ரோக்ராம்ல தப்பு வந்தா அடுத்த தடவ சரி பண்ணிப் போட்டுருவ. நான் எழுதினது கை தவறி வந்தது இல்லடா. நெனச்சேன், எழுதினேன். அத இன்னொருத்தி தலையில கட்டிட்டு அம்மா முன்னாடி நான் எப்படி நல்ல பொண்ணா நடமாடறது? அம்மா அத நம்பிட்டு ‘என் பொண்ணு அப்படி இல்ல’ன்னு என் கன்னத்தத் தடவினா, நான் எங்க போய் முட்டிக்கறது?

இன்னொண்ணும் இருக்கு. அது என் குரல்னு அம்மாவுக்குத் தெரியாதா? என்ன மெஷின் படிச்சாலும், ‘தேவல’ன்னு இந்த வீட்ல வேற யாருடா சொல்றது?

எதுவும் பண்ணாத. நானே ஒரு நாள் பேசறேன். தைரியம் வரட்டும்.

அக்கா

*

மார்ச் 14

அக்கா,

உன் பதில் இன்னும் வரல. நீ எழுதியிருப்ப, தபால்ல எங்கயாவது ஊர்ந்துட்டு இருக்கும். அந்த வெடிச்ச ஒதடுதான் எனக்குக் கண்ணு முன்னாடி நிக்குது. காத்திருக்க முடியல. இன்னிக்கு நீ மருந்து வாங்கப் போற நேரம் பாத்து அம்மா ஃபோனுக்கு அடிச்சேன். சொல்லிட்டேன்.

நடந்தத அப்படியே எழுதறேன்.

நான் லாட்ஜு, ரூமு, நம்பருன்னு எல்லாம் சொன்னேன். ரொம்ப வேகமாப் பேசினேன் போல. ‘மெதுவாச் சொல்லுடா, ரயிலா ஓடுது?’ன்னா. திரும்பச் சொன்னேன். அது வேற ஒரு பொண்ணு எழுதினது, நம்ம வீட்டுதே இல்லன்னேன்.

லைன் கட்டாச்சோன்னு ‘அலோ அலோ’ன்னேன்.

‘இருக்கேன்’னா. அப்புறம், ‘பாவம்டா அந்தப் பொண்ணு’ன்னா.

‘எந்த ஊராம்?’

‘தெரியலம்மா. தூரம்.’

‘கூடப் பொறந்தவங்க இருக்காங்களா?’

‘ஒரு தம்பி. அவனுக்குத்தான் எழுதியிருக்கா.’

‘அவன் என்ன பண்றான்?’

‘அவனும்… தூரத்துல வேலம்மா. லீவு கெடைக்காதாம்.’

‘ம்’னா.

அக்கா, அந்த ‘ம்’ இன்னும் என் காதுக்குள்ள இருக்கு.

அப்புறம் கேட்டா: ‘அவ அம்மா அதப் படிச்சிருப்பாளாடா?’ நான் சொன்னேன், ‘இல்லம்மா, அது இங்க வந்துருச்சில்ல, அங்க யாருக்கும் தெரியாது’ன்னு. ‘அப்ப சரி’ன்னா. ‘தெரிய வேணாம்’னா. ஃபோன வச்சிட்டா.

நான் பண்ணது சரியா தப்பான்னு நீ சொல்லு. ரூம்ல சுவத்தப் பாத்து உக்காந்திருக்கேன். எனக்கு எல்லாமே சோதிச்சுப் பாத்துதான் நம்பிப் பழக்கம். இத எப்படி சோதிக்கறது?

வாண்டு

*

மார்ச் 22

வாண்டு,

வேணாம்னு நான் எழுதினது இப்ப உன் கையில இருக்கும். உன்ன என்ன சொல்லித் திட்டறதுன்னு யோசிச்சு வச்சிருந்தேன். எல்லாம் மறந்து போச்சு. ஏன்னா அம்மா கூப்பிட்டா.

‘ஏய்’னு கூப்பிட்டா. நான் துணி காயப் போட்டுட்டு இருந்தேன். கையில இருந்த போர்வை அப்படியே கீழ விழுந்திருச்சு. ஓடினேன். ‘ஏன் இப்படி ஓடி வர்ற, வீடு பத்திக்கிச்சா? தண்ணி குடு’ன்னா. குடுத்தேன். முழுசும் குடிச்சா. நான் டம்ளர வாங்கிட்டு நின்னேன்.

‘தம்பி சொன்னான்’னா. ‘யாரோ ஒரு பொண்ணு எழுதினதாமே.’

தலைய ஆட்டினேன்.

‘அவ எப்படி இருக்காளாம்?’

‘தெரியலம்மா.’

‘கேட்டுச் சொல்லு. தம்பிகிட்ட சொல்லி விசாரி. அப்படியே விட்டுடக் கூடாது.’

மறுநாள் சோறு ஊட்டறப்ப மறுபடி கேட்டா. நான் என்னடா சொல்றது? ‘விசாரிச்சேன்மா. அவ சரியா சாப்பிடறதில்லையாம்’னேன். வாயிலருந்து தானா வந்துச்சு. அம்மா ஸ்பூன என் பக்கம் தள்ளி விட்டா. ‘முதல்ல அவ சாப்பிட்டுட்டு அப்புறம் அம்மாவுக்கு ஊட்டட்டும். பத்து நிமிஷத்துல கெழவி ஒண்ணும் செத்துர மாட்டா’ன்னா.

அன்னிலருந்து தெனம் அந்தப் பொண்ணு நம்ம வீட்டுக்கு வர்றாடா. அம்மா கேக்கறா, நான் சொல்றேன். அவளுக்கு முதுகுவலி. அவகூட வேல பாத்தவங்க யாரும் இப்பல்லாம் கூப்பிடறதில்ல. சாயந்திரம் ஆனா ஜன்னல் வழியா ரோட்டப் பாத்துட்டு நிப்பா. அம்மா எல்லாத்தையும் கேட்டுக்கறா. ‘அவ அம்மா ரொம்பப் படுத்தறாளோ?’ன்னா. ‘கொஞ்சம்’னேன். ‘படுத்தத்தான் செய்வா. இடுப்பு ஒடிஞ்சவளுக்கு வேற என்ன பொழுதுபோக்கு’ன்னா. சிரிச்சோம். எத்தன நாளைக்கப்புறம்.

அம்மா நம்பிட்டாளா, நம்பற மாதிரி இருக்காளா, எனக்குத் தெரியல. கேக்கவும் பயமா இருக்கு. கேட்டா அந்தப் பொண்ணு போய்ருவா.

அக்கா

*

ஏப்ரல் 2

அக்கா,

உன் லெட்டர மடிச்சு சட்டப் பையில வச்சுக்கிட்டே வேல பாக்கறேன். கிடங்குல எல்லாரும் அது லவ் லெட்டர்தான்னு முடிவே பண்ணிட்டாங்க.

கோட சரி பண்ணி அனுப்பினேன். இப்ப நம்பர வச்சுக்கறதில்ல, ஆளையே வச்சுக்கறேன். ஆள் போய்ட்டா அவங்க பேருக்கு வர்றது வாசல்லயே நின்னுரும், அடுத்தவங்ககிட்ட போகாது. தலைவர் திரும்ப சேத்துட்டார். ஃபோரம்ல கை தட்டறாங்க. முன்னாடின்னா குதிச்சிருப்பேன். இப்ப படிச்சிட்டு மூடி வச்சிட்டு ஷூவக் கழட்டினேன்.

லீவு கேட்டேன். சூப்பர்வைசர் மாசக் கடைசிக்குப் பாக்கலாம்னார். ‘அம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல சார்’ன்னேன். ‘எல்லாருக்கும்தான்’னார்.

அந்தப் பொண்ணோட தம்பியப் பத்தி அம்மா ஏதாவது கேட்டாளா? கேட்டா, அவன் வர்றான்னு சொல்லு. கண்டிப்பா வர்றான்னு.

வாண்டு

*

ஏப்ரல் 11

வாண்டு,

கேட்டா. நீ எழுதினத அப்படியே சொன்னேன், அவன் வர்றானாம்னு. ‘வரட்டும். வந்தா அவளக் கொஞ்சம் தூங்க விடுவான்’னா.

ஆனா அம்மாவுக்கு சரியில்லடா. ராத்திரில குளிர் எடுக்குது. காய்ச்சல் விட்டு விட்டு வருது. டாக்டர் வந்தார். ரொம்ப நாள் தண்ணி குடிக்காம இருந்ததுல கிட்னில சீழ் பிடிச்சிருக்கும்ங்கறார். இப்ப குடிக்கறாளே டாக்டர்னேன். இன்னும் முன்னாடியே குடிச்சிருக்கணும்னு சொல்லிட்டு மாத்திர எழுதினார்.

நேத்து பாதி மயக்கத்துல இருந்தா. நான் நெத்தில துணி போட்டுட்டு இருந்தேன். கண்ணத் தெறக்காமயே, ‘அவகிட்ட ஒண்ணு சொல்லிடு’ன்னா.

‘யார்கிட்டம்மா?’

‘அந்தப் பொண்ணுகிட்டத்தான். அப்படி நெனச்சதுக்காக அவ உள்ளுக்குள்ள புழுங்கிட்டு இருப்பா. எங்க அம்மா படுத்த படுக்கையா கெடந்தப்ப நானும் நெனச்சேன். எழுதத்தான் ஆள் இல்ல.’

உன் மாசக் கடைசி வரைக்கும் இழுக்காத. எப்படியாவது கெளம்பு.

அக்கா

*

மே 11

வாண்டு,

நல்லபடியா போய்ச் சேந்தேன்னு நீ போட்ட கார்டு வந்துச்சு. வேலைல திரும்ப சேத்துக்கிட்டாங்கன்னு தெரிஞ்சு நிம்மதி.

நீ வந்தப்ப எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. அதுக்காக உன்ன நீயே தின்னுட்டு இருக்காத. நான் பக்கத்துலயே இருந்தேன், எனக்கு மட்டும் என்ன, சாவு முன்னாடியே சொல்லிட்டா வந்துச்சு?

வீடு ரொம்ப அமைதியா இருக்கு. காலைல எந்திரிச்சதும் அந்த ரூம் கதவ வேகமாத் தெறக்கறேன், பழக்கத்துல. அப்புறம் கைய எடுக்கத் தெரியாம அங்கயே நிக்கறேன். கண்ணாடிக் கடைல ஆள் கேட்டு விட்டிருக்காங்க. அடுத்த மாசம் போலாம்னு இருக்கேன்.

பஸ் ஏர்றப்ப ஒண்ணு கேட்டியே. ‘அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்குமாக்கா?’ன்னு. சுத்தி ஜனங்க நின்னாங்க, என்னால வாயத் தெறக்க முடியல. நீயும் ஜன்னல் வழியா பாத்துட்டே போய்ட்ட. இப்ப எழுதறேன். இத ஒரு தடவதான் எழுதுவேன்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போன அன்னிக்குக் காலைல, ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டு நான் பையில துணி எடுத்து வச்சிட்டு இருந்தேன். அம்மாவுக்குக் காய்ச்சல் கொஞ்சம் எறங்கி, கண்ணு தெளிவா இருந்துச்சு. என்னையே பாத்துட்டு இருந்தா.

‘அந்தப் பொண்ணு என்ன பண்றா?’ன்னா.

‘பை கட்டறாம்மா. அவ அம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறாளாம்.’

‘பயப்படறாளா?’

‘ரொம்ப.’

‘அழுதாளா?’

‘அவ அம்மா முன்னாடி அழ மாட்டாம்மா.’

அம்மா என் தலைமுடியப் பாத்தா. மூச்சு வாங்குச்சு. அப்புறம், ‘தலைய வாரினாளா?’ன்னா.

‘இல்லம்மா. நேரமில்ல.’

‘அப்படியேவா ஆஸ்பத்திரிக்குப் போவா? பேய் மாதிரி?’ தலகாணிக்குப் பக்கத்துல கைய விட்டுத் துழாவி சீப்ப எடுத்தா. ‘இங்க வரச் சொல்லு’ன்னா.

அந்தப் பொண்ணு பையக் கீழ வச்சிட்டு வந்தா. கட்டிலுக்குப் பக்கத்துல, தரையில, அம்மா கை எட்டற மாதிரி முதுகத் திருப்பி உக்காந்தா.